டெலிஹேண்ட்லரும் கலியபெருமாள் அண்ணனும்

ஐப்பசி பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். முதல் நாள் பெய்த மழை நின்று, உப்பங்கழியின் சேற்று வாடையோடு காற்று வந்துகொண்டிருந்த காலை வேளை. நான் டெலிஹேண்ட்லரின் கேபினுக்குள் உட்கார்ந்திருந்தேன். வண்டியின் நீண்ட இரும்புக் கை, முதல் மாடித் தளத்துக்கு மேலே ஒரு பேலட் நிறைய சிமெண்ட் கல்லைத் தூக்கிப் பிடித்திருந்தது. பேலட் என்பது கல்லை அடுக்கிவைக்கும் மரத்தட்டு.

கீழே நின்ற சைட் மேனேஜர் சேகர் சார், இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று கைகாட்டினார். நானும் நீட்டிக்கொண்டே போனேன். கேபினுக்குள் இருந்த எச்சரிக்கை மணி விட்டு விட்டுக் கூவியது. பிறகு விடாமல் கூவியது. அதே நேரம், பின்னாலிருந்து யாரோ நாற்காலியைத் தூக்குவதுபோல என் இருக்கை மெல்ல மேலே எழும்பியது.

மாடியில் நின்றவர்கள் ஓடினார்கள். சேகர் சார் ஓடினார். கலியபெருமாள் அண்ணன் மட்டும் வண்டியை நோக்கி வந்தார்.

அடுத்த சில நொடிகளில் நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் அந்த வண்டியைப் பற்றியும் அந்த மனிதரைப் பற்றியும் முதலில் சொல்லியாக வேண்டும். அதற்கும் முன்னால், நான் எட்டு வருஷம் ஓட்டிய இன்னொரு வண்டியைப் பற்றி.

என் பழைய சிநேகிதி

கடலூருக்குத் தெற்கே ஒரு தொழிற்சாலை குடோனில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். மேல்பட்டாம்பாக்கத்தில் வீடு. காலையில் திருப்பாதிரிப்புலியூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. பேக்கிங் பிரிவில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த என்னிடம், வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டபோது, சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். என் வீட்டுக்காரர் அந்தோணி, ஸ்கூட்டி ஓட்டுகிறவளுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று கேட்டார். ஸ்கூட்டிக்கு நாலு டன் எடை கிடையாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஒரு நல்ல வண்டி. இதை நான் மனசாரச் சொல்கிறேன். முன்னால் ஒரு செங்குத்தான சட்டம். அதில் இரண்டு இரும்பு முட்கள். முட்களை பேலட்டுக்கு அடியில் நுழைத்தால், சரக்கு அந்தச் சட்டத்திலேயே நேராக ஏறும், நேராக இறங்கும். லிஃப்ட் மாதிரி. பக்கத்தில் சாய்கிற வேலை கிடையாது, எட்டிப் பிடிக்கிற வேலை கிடையாது. சரக்கு முழுக்க நம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

திரும்புவதற்குப் பின்சக்கரம். அதனால் இரண்டு ராக்குகளுக்கு நடுவே, ஆள் திரும்பவே யோசிக்கும் இடத்தில், அது ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்துவிடும். வழவழப்பான சிமெண்ட் தரையில் அதன் சிறிய சக்கரங்கள் எழுப்பும் சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

எப்போதாவது சரக்கு கனமாகிப் பின்பக்கம் லேசானால் என்ன செய்ய வேண்டும் என்பதை என் கை தானாகவே அறிந்துவைத்திருந்தது. லிவரை அழுத்திச் சரக்கைக் கீழே இறக்க வேண்டும். நேராக இறங்கும், வண்டி அமைதியாகிவிடும். எட்டு வருஷத்தில் இதை யோசித்துச் செய்ததே இல்லை.

மணலில் இறங்கிய நாள்

தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தபோது, ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேர்ந்தேன். கிள்ளைக்குக் கிழக்கே ஒரு மீனவக் கிராமத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடம் கட்டும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. புயல் வந்தால் ஊர் ஒதுங்க, மற்ற நாளில் பிள்ளைகள் படிக்க. சிதம்பரத்தில் எனக்கொரு அறை பார்த்துக் கொடுத்தார்கள். கம்பெனியிடம் ஒரு பழைய ஃபோர்க்லிஃப்ட் இருந்தது. அதையும் என்னையும் அங்கே அனுப்பிவிட்டார்கள்.

லாரியிலிருந்து சரிவுப்பலகை வைத்து இறக்கினோம். சிமெண்ட் போட்ட இடம்வரை ராணி மாதிரி வந்தது. அதைத் தாண்டி மணலில் கால் வைத்ததும், ஒரு பெருமூச்சு விட்டதுபோல முன்சக்கரம் இரண்டும் உள்ளே போய்விட்டன. நான் கொஞ்சம் முடுக்கினேன். இன்னும் உள்ளே போனது. ஊரே கூடி நின்று பார்த்தது. எனக்கு வண்டியை விட்டு இறங்கவே வெட்கமாக இருந்தது.

கூட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிசைந்தார். பிறகு யாரிடமும் கேட்காமல் ஒரு பையனை அனுப்பிப் படகு இழுக்கும் கயிற்றை வரவழைத்தார். பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று, படகைக் கரையேற்றுவதுபோல ஒரே மூச்சில் என் வண்டியைச் சிமெண்டுக்கு இழுத்துப் போட்டார்கள்.

அவர்தான் கலியபெருமாள். என்னிடம் சொன்னார்:

“நல்ல வண்டிதான் தங்கச்சி. ஆனா இது வீட்டுக்குள்ள நடக்கற வண்டி. எங்க மண்ணுக்குச் செருப்பே பெருசா வேணும்.”

வருஷக்கணக்காக ஃபைபர் படகில் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்கு வலது காது மந்தமாகிவிட்டிருந்தது. மூட்டுவலி வேறு. படகைத் தம்பி பார்த்துக்கொண்டதால், ஊருக்குள் நடக்கிற வேலைதானே என்று எங்கள் சைட்டில் கூலிக்குச் சேர்ந்திருந்தார்.

அடுத்த வாரமே சேகர் சார் வாடகைக்கு டெலிஹேண்ட்லரை வரவழைத்தார்.

நண்டு நடை

அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, டிராக்டருக்கும் கிரேனுக்கும் கல்யாணம் நடந்து இது பிறந்திருக்கும் என்பதுதான். இடுப்பு உயரத்துக்கு மேல் நான்கு சக்கரம். நான்குக்கும் இன்ஜின் சக்தி போகும். மணலையும் சேற்றையும் அது ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஃபோர்க்லிஃப்டின் செங்குத்துச் சட்டம் இதில் கிடையாது. அதற்குப் பதிலாகப் பின்னாலிருந்து முன்னால் நீளும் ஒரு இரும்புக் கை. பூம் என்பார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள்போல நீளும், சுருங்கும், மேலே எழும்பும், கீழே தாழும். அதன் முனையில் அதே இரண்டு முட்கள்.

அதாவது, ஃபோர்க்லிஃப்ட் சரக்கை மேலே மட்டும் தூக்கும். இது மேலேயும் தூக்கி, முன்னாலும் நீட்டி, நாம் போக முடியாத இடத்தில் வைத்துவிட்டு வரும். மாடியில் சுவர் கட்டுகிறவருக்குக் கல்லை அவர் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்கலாம். முட்களைக் கழற்றிவிட்டு வாளியை மாட்டினால் மணல் அள்ளும். கொக்கியை மாட்டினால் கம்பிக்கட்டு தூக்கும். கட்டட வேலையில் அதைக் கொண்டாடுவதன் காரணம் இதுதான். அதே வண்டியை என் பழைய குடோனுக்குள் விட்டால் முதல் திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கும், அது வேறு விஷயம்.

கேபின் இடது ஓரத்தில் இருக்கும். வலது பக்கம் முழுக்க அந்தக் கை மறைக்கும். உயரத்தில் சரக்கு எங்கே இருக்கிறது, சுவரிலிருந்து எத்தனை அடி என்பது பல நேரம் எனக்குத் தெரியாது. வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாகவே வேலை செய்து பழகிய எனக்கு அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

மூன்று நாள் பயிற்சிக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். நான்கு சக்கரமும் ஒரே பக்கம் திரும்பி வண்டி பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து போவதை அவர் ஓட்டிக் காட்டியபோது, கலியபெருமாள் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. நண்டு மாரியே போவுது பாரு என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பெயரே நண்டு நடைதான் என்று பயிற்சியாளர் சொன்னதும், தானே பெயர் வைத்ததுபோல அவருக்குப் பெருமை.

கைச்சைகை காட்ட ஆள் வேண்டும் என்றபோது அவரே முன்வந்தார். வாக்கிடாக்கி அவர் காதுக்கு ஒத்துவராது. ஆனால் சைகை அவருக்குப் புதிதில்லை. இன்ஜின் சத்தத்தில் கடலில் யாரும் வாயால் பேசிக்கொள்வதில்லையாம். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மூடி, கட்டைவிரல்கள் வெளியே பார்த்தால் பூமை நீட்டு. ஒன்றையொன்று பார்த்தால் சுருக்கு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் மனைவி அஞ்சலையை வண்டியாக உட்காரவைத்துச் சைகை காட்டிப் பழகியதாக அந்த அக்கா பின்னால் என்னிடம் புகார் சொன்னார்.

மூன்றாம் நாள் அவர் ஒரு கேள்வி கேட்டார். தூக்கிக்கொண்டிருக்கும்போதே வண்டி முன்னால் குனிந்தால் என்ன செய்வது என்று. சிலர் சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. முதலில் சுருக்கு, பிறகுதான் இறக்கு என்றார். நீட்டிய கையை அப்படியே தாழ்த்தினால் சரக்கு வண்டியை விட்டு இன்னும் தள்ளிப் போகும். தள்ளிப் போகப் போக அது வண்டியைக் கவிழ்க்கும். தண்ணீர் நிறைந்த வாளியை நெஞ்சோடு பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் என்றார்.

நானும் கேட்டேன். தலையையும் ஆட்டினேன். ஆனால் என் கை எட்டு வருஷமாக வேறொன்றைப் படித்திருந்தது.

மூன்று டன்

வண்டியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் மூன்று டன் என்று எழுதியிருக்கும். எல்லோர் கண்ணிலும் படுவது அதுதான். கேபினுக்குள் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பூம் சுருங்கியிருக்கும்போதுதான் மூன்று டன். நீள நீளக் குறைந்துகொண்டே போய், முழுக்க நீட்டினால் ஒரு டன்னைக்கூடத் தாங்காது.

மணி கூவிய அந்த நாளுக்கு முன்பே கட்டடத்தை ஒட்டி ஒரு பள்ளம் தோண்டி மூடியிருந்தார்கள். செப்டிக் தொட்டிக்கான குழாய்ப் பள்ளம். மழையில் அந்த மண் கூழாகியிருந்தது. அதன்மேல் வண்டியை ஏற்ற முடியாது. இரும்புத்தகடு போட்டுக் கெட்டிப்படுத்த இரண்டு நாள் ஆகும். பெருமழை தொடங்குவதற்குள் மேல்மாடிச் சுவர் முடிய வேண்டும் என்ற அவசரம் சேகர் சாருக்கு. பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நின்று நீட்டி வைத்துவிடலாமே, மூன்று டன் வண்டிதானே என்றார்.

கல்லின் எடை ஒன்றரை டன் இருக்கும். மூன்றில் பாதி. நான் அட்டவணையைப் பார்க்கவில்லை. பள்ளம் தோண்டுவதற்கு முன்பு அதே கல்லை அதே மாடிக்கு எத்தனையோ தடவை ஏற்றியிருந்தேன். மேனேஜர் சொன்னார், நான் செய்தேன் என்று இன்றைக்கு எழுதினால் அது பாதி உண்மைதான். என்னால் முடியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் எனக்குள் இருந்தது.

கைகாட்டும் வேலையைச் சேகர் சாரே எடுத்துக்கொண்டதில் ஒதுங்கி நின்ற கலியபெருமாள் அண்ணன் மட்டும் இரண்டு தடவை முகத்தைச் சுளித்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

அந்தச் சில நொடிகள்

பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் என் கண் சரக்கின்மேலேயே இருந்தது. காது முழுக்க மணிச்சத்தம். வலது கை லிவருக்குப் போய்விட்டது. கீழே இறக்கு. என் உடம்புக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

அப்போது கண்ணாடிக்கு முன்னால், நான் பார்த்தே ஆகவேண்டிய இடத்தில் ஒரு மனிதர் வந்து நின்றார். வண்டி குப்புற விழுந்தால் முதலில் அடிபடக்கூடிய இடம் அது. கலியபெருமாள் அண்ணன் கத்தவில்லை. இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மூடி வைத்திருந்தார். கட்டைவிரல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

சுருக்கு.

நான் லிவரை விட்டுவிட்டேன். பூமைச் சுருக்கும் பொத்தானைத் தொட்டேன். மெல்ல, மெல்ல. சரக்கு ஒரு அடி பின்னால் வந்தது. இன்னொரு அடி. அவர் கட்டைவிரல்களை அசைத்துக்கொண்டே இருந்தார், வா, வா, வா என்று. பின்சக்கரம் தரையில் உட்கார்ந்தபோது வண்டி ஒருமுறை ஆடியது. மணி நின்றது. இன்னும் முழுக்கச் சுருக்கச் சொன்னார். பிறகுதான் உள்ளங்கையைக் கீழே காட்டினார். பேலட்டைத் தரையில் வைத்தேன். ஒரு கல்கூட உடையவில்லை.

கதவைத் திறந்து இறங்கினேன். சேகர் சார் முகம் வெளுத்துப்போய் ஓடிவந்து, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார். கலியபெருமாள் அண்ணன் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் சவுக்கு மரத்தடியில் சாப்பிடும்போது கேட்டேன், ஏண்ணே ஓடல என்று. இறால் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

“ஓடலாம்னுதான் இருந்தேன். நீ மேலயே பாத்துக்கிட்டு இருந்த. நானும் போயிட்டா நீ யாரப் பாப்ப?”

என் டப்பாவில் இருந்த முட்டையை அவர் தட்டில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார்.

எழுதிக் கொடுத்தது

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்தார். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். அதற்கு முன்பே சேகர் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மண் உள்வாங்கியது என்று எழுதிவிடுங்கள், உங்களுக்கும் பிரச்சினை இல்லை, எனக்கும் இல்லை என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்துபோயிருந்தார். நானும்தான். வேலை போனால் அடுத்த வேலை எங்கே என்று எனக்குத் தெரியாது.

பேனாவைத் திறந்தேன். மண் உள்வாங்கியது என்று எழுதினால், அடுத்து அந்த வண்டியில் ஏறுகிறவர் மண்ணைத்தான் பார்ப்பார், அட்டவணையைப் பார்க்க மாட்டார். கலியபெருமாள் அண்ணன் வந்து நின்றதற்கும் அந்தக் கதையில் இடமே இருக்காது.

அட்டவணையைப் பார்க்காமல் தூக்கினேன் என்று எழுதினேன். ஃபோர்க்லிஃப்ட் என்று நினைத்துக் கீழே இறக்கப் போனேன், சைகை காட்டியவர் முன்னால் வந்து நின்று தடுத்தார் என்றும் எழுதினேன். சேகர் சார் படித்துப் பார்த்தார். பிறகு அடியில், பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்று நீட்டச் சொன்னது நான்தான் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரிக்காக அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

என்னை வண்டியிலிருந்து இறக்கினார்கள். இரண்டு வாரம் சிமெண்ட் மூட்டை எண்ணிக்கொண்டு குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் பள்ளத்தைக் கெட்டிப்படுத்தி இரும்புத்தகடு போட்டார்கள். மறுபடி தேர்வு வைத்தபோது, அட்டவணையில் எந்த நீளத்துக்கு எந்த எடை என்று பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் நிலையில் இருந்தேன். தேறினேன். கட்டடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, கையை அதிகம் நீட்டாமலே, மிச்சக் கல்லையெல்லாம் ஏற்றி முடித்தேன். மழை இரண்டு நாள் தாமதமாக வந்து எங்களுக்கு உதவி செய்தது.

பாதுகாப்பு அதிகாரி போகும்போது என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். சைகை காட்டியவர் பெயருக்கு எதிரே பதிவேட்டில் கூலி என்றுதானே இருக்கிறது என்று. ஆமாம் சார், அதை மாற்றினால் நன்றாக இருக்கும் என்றேன்.

கிள்ளை பஸ்ஸில்

தை மாதம் சிதம்பரத்தில் இருந்த எங்கள் கிளை அலுவலகத்துக்கு அவரை வரச்சொன்னார்கள். சைகைப் பயிற்சி முடித்ததற்கு ஒரு சான்றிதழ், கழுத்தில் மாட்ட ஒரு அடையாள அட்டை. துணைக்கு நானும் போனேன். வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார்.

அட்டையில் எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். பெயர், அதற்குக் கீழே சிக்னல்மேன், அதாவது சைகை காட்டுகிறவர். படித்தேன். பஸ் ஏறியதும் கண்டக்டரிடம் நீட்டினார். அவர் டிக்கெட் கொடுக்க வேண்டும் என்பதையும் மறந்து படித்துக் காட்டினார். முன்சீட்டில் கல்லூரிப் பெண் ஒருத்தி. அவளும் படித்தாள். சிக்னல்மேன்னா ரயில்வேயா அங்கிள் என்று கேட்டாள். அதவிடப் பெரிய வண்டிம்மா என்றார். கிள்ளை வருவதற்குள் ஐந்து பேர் படித்துவிட்டார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

அஞ்சலை அக்கா வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தார். கையைக் கழுவி, புடவைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார். எட்டாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார். பிறகு போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எதுக்கு இப்பிடி மொறச்சிக்கிட்டு நிக்கற?”

அண்ணன் அட்டையைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“டூட்டில இருக்கறப்ப சிரிக்கக் கூடாது” என்றார்.